தலைப்பில் ‘விளையாட்டு’ வேண்டாம், ‘சூதாட்டம்’ என்று போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருமங்கலத்தில் 22 வருடமாக டிவி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கி, வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டு உட்கார்ந்தால் முதலில் கையில் எடுப்பது உங்கள் பேப்பரைத்தான். அந்த உரிமையில் ஒரு குறையைச் சொல்கிறேன்.

‘ஆன்லைன் விளையாட்டில் பணத்தை இழந்த வாலிபர்’ என்று அடிக்கடி தலைப்பு வருகிறது. உள்ளே படித்தால் ரம்மியாக இருக்கும், இல்லாவிட்டால் அது மாதிரி வேறொன்று. பணம் கட்டி, தோற்று, தோற்றதை மீட்க மறுபடி பணம் கட்டுகிற சங்கதி. இதை எங்கள் தெருவில் யாரும் விளையாட்டு என்று சொல்ல மாட்டார்கள், சூதாட்டம் என்றுதான் சொல்வார்கள். தலைப்பில் மட்டும் அது விளையாட்டாகிவிடுகிறது.

ஒரு வார்த்தைதானே என்று என்னால் விட முடியவில்லை. என் கடையில் 6 வருடம் வேலை பார்த்த தம்பி ஒருவன், தங்கச்சி கல்யாணத்துக்காகச் சீட்டுப் போட்டு எடுத்த 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாயை 2021-இல் நாலே மாதத்தில் போனில் தோற்றான். ஆரம்பத்தில் 200, 300 என்று ஜெயித்திருக்கிறான். அப்புறம் ஜெயித்ததும் போய், கையில் இருந்ததும் போய், கடன் வாங்கியதும் போனது. ஒருநாள் சாயங்காலம் எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிட்டு, “நீங்களும் ராத்திரி ஆடுறீங்கள்ல, அது மாதிரி ஒரு கேம்தானேன்னு நெனச்சேண்ணே” என்று அழுதான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஆமாம், நான் ஆடுகிறவன்தான். 12 வயதில் ஆரம்பித்தேன், இப்போது 44. நான் ஆடியது எது, அவன் மாட்டிக்கொண்டது எது என்று பிரித்துச் சொல்லாமல் போனது என் தப்பு. அதைத்தான் இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1993 கோடை விடுமுறை. எங்கள் ஊர் பஜாரில் டெக் வாடகைக்கு விடும் கடை ஒன்று இருந்தது. அந்த வருடம் டிவி கேமையும் வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். ஒரு நாளைக்கு 25 ரூபாய், அதோடு இரண்டு கேசட். அப்பா பஸ் கண்டக்டர். அக்கா பத்தாவது பரீட்சை எழுதி முடித்திருந்தாள், அதற்குப் பரிசாக ஒரே ஒரு நாள் எடுத்துக்கொள்ளச் சொன்னார். எங்கள் வீட்டில் சாலிடேர் கறுப்பு வெள்ளை டிவி. பின்னால் ஆன்டெனா வயரைப் பிடுங்கிவிட்டு இதைச் சொருகி, குமிழை மெதுவாகத் திருகிக்கொண்டே போனால், புள்ளி புள்ளியாக இரைந்துகொண்டிருந்த திரை சட்டென்று தெளிந்து அந்த மெட்டு வந்தது. சூப்பர் மாரியோ. அந்த மெட்டுக்குச் சொந்தக்காரர் கோஜி கோண்டோ என்ற ஜப்பான்காரர் என்பது பிற்பாடுதான் தெரியும். அன்றைக்கு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கறுப்பு வெள்ளை டிவியில் ஆடியதால் எங்களுக்கு ஒரு லாபம். “டேய், மேலே மேகம்னு இருக்கிறதும் கீழே புதர்னு இருக்கிறதும் ஒண்ணுதான்டா, பாரு” என்று முதல் நாளே அக்கா கண்டுபிடித்துவிட்டாள். கலர் டிவி வைத்திருந்த பையன்கள் யாரும் நம்பவில்லை. அவர்களுக்கு மேகம் வெள்ளை, புதர் பச்சை. பல வருடம் கழித்து நானே படித்துத் தெரிந்துகொண்டேன், உண்மையில் இரண்டும் ஒரே படம்தான். நிறத்தை மட்டும் மாற்றி வைத்திருக்கிறார்கள். 1985-இல் நின்டெண்டோ கம்பெனியில் ஷிகெரு மியாமோட்டோவும் அவர் கூட்டாளிகளும் அந்த விளையாட்டு முழுவதையும் 40 கிலோபைட்டுக்குள் அடக்க வேண்டியிருந்தது. 32 கட்டம், அத்தனை எதிரிகள், அத்தனை இசை, எல்லாம் சேர்த்து 40 கிலோபைட். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கம் படமே அதைவிடப் பெரிது. புதரை வரைய இடமில்லாமல் மேகத்தையே கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள். சிக்கனம் தெரிந்த வீட்டுப் பெண்கள் பழைய புடவையைத் தலையணை உறையாகத் தைப்பார்களே, அந்தக் கைப்பக்குவம்.

அந்த ஒரு நாள் போதவில்லை. மறுபடி எடுக்க அப்பாவின் காக்கிச் சட்டைப் பையிலிருந்து 25 ரூபாய் எடுத்தேன். கண்டக்டர் வீட்டில் அது எத்தனை பெரிய தப்பு என்று எனக்குத் தெரியவில்லை. கலெக்‌ஷன் கட்டும்போது கணக்கு குறைந்து, அப்பா கையிலிருந்து போட்டுக் கட்டியிருக்கிறார். அடி விழுந்தது. இதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், விளையாட்டு என்றால் எல்லாம் நல்லதே என்று நான் சொல்ல வரவில்லை.

அடுத்த வருடம் மாமா மீனாட்சி பஜாரில் ஒரு டிவி கேம் வாங்கிக் கொடுத்தார். அதில்தான் அந்த 3-1 சம்பவம். மாரியோ ஆடியவர்களுக்குத் தெரியும், மூன்றாவது உலகத்தின் முதல் கட்டத்தில் கடைசிப் படிக்கட்டில் இரண்டு ஆமைகள் இறங்கி வரும். ஒன்றைச் சரியான இடத்தில் மிதித்தால் ஓடு படியில் முட்டி முட்டித் திரும்ப வரும், மாரியோ அதன் மேலேயே குதித்துக்கொண்டிருப்பார். 100, 200 என்று ஏறி, கடைசியில் ஒவ்வொரு மிதிக்கும் ஓர் உயிர். என் சிநேகிதன் ஒருவன் ஒரு மத்தியானம் முழுக்க அதைச் செய்தான். உயிர் எண்ணிக்கை பத்தைத் தாண்டியதும் எண்ணுக்குப் பதில் கிரீடம் மாதிரி ஒன்று வந்தது. அப்புறம் என்னென்னவோ கிறுக்கல். “இனி நமக்குச் சாவே இல்லடா” என்றான். அடுத்த கட்டத்தில் ஒரு குழியில் விழுந்தான், கேம் ஓவர் என்று வந்துவிட்டது. இத்தனை உயிர் சேர்த்தும் ஒரே சாவில் எல்லாம் முடிந்தது. அன்றைக்கு அவன் அழுததை நினைத்தால் இன்றும் பாவமாக இருக்கிறது.

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தபோதுதான் அதற்குக் காரணம் பிடிபட்டது. அந்த மெஷின் உயிர் எண்ணிக்கையை 8 பிட்டில், அதாவது 0, 1 மட்டும் எழுதக்கூடிய எட்டே எட்டு இடத்தில், வைத்துக்கொள்கிறது. 127 வரைக்கும் சரி. அதற்கு மேல் போனால் அந்த எண்ணைப் பூஜ்யத்துக்குக் கீழே இருப்பதாகக் கணக்கிட்டுவிடும். உயிரே இல்லாதவன் செத்தால் ஆட்டம் முடிந்ததுதானே. வகுப்பில் வாத்தியார் போர்டில் அந்தக் கணக்கைப் போட்டதும் நான் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டேன். அன்று சாயங்காலமே சைக்கிளை மிதித்துக்கொண்டு சிநேகிதன் வீட்டுக்குப் போய், “உன் மேல தப்பில்லடா” என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏழு வருடம் கழித்து.

கான்ட்ரா பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கொனாமி கம்பெனியின் விளையாட்டு, இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். ஒரு வீரனுக்கு நீலப் பேன்ட், இன்னொருவனுக்குச் சிவப்பு. எங்கள் டிவியில் இரண்டுமே சாம்பல் நிறம். யார் யாரென்று தெரியாமல் குண்டு வாங்கிச் செத்தபடியே இருந்தோம். மூன்றாவது கட்டம் அருவி. பாறை பாறையாக மேலே தாவ வேண்டும். ஒருவர் வேகமாக ஏறினால் திரை மேலே நகர்ந்துவிடும், கீழே நிற்பவர் செத்துப்போவார். அக்காவுக்குக் கை வேகம் அதிகம், நான் தடுமாறுவேன். மேலே குண்டு பொழிந்துகொண்டிருந்தாலும் அவள் அந்தப் பாறையிலேயே நின்று, குனிந்து, எழுந்து, நான் வந்து சேரும்வரை ஏற மாட்டாள். “வந்துட்டியா? சரி, வா” என்பாள். ஒருநாள் கூட என்னைக் கீழே விட்டுவிட்டு ஏறியதில்லை.

கான்ட்ராவில் மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் என்று அமுக்கி 30 உயிர் வாங்குகிற வித்தையை எந்த ஊர்ப் பையனும் சொல்வான். அதை உருவாக்கியவர் கசுஹிசா ஹஷிமோட்டோ. வேறொரு விளையாட்டைச் சோதித்துப் பார்க்கும்போது தனக்கே கஷ்டமாக இருந்ததால் அவர் வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. 2020 பிப்ரவரியில் அவர் இறந்த செய்தியைப் படித்துவிட்டு, அந்த வரிசையைக் கடையில் வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். விரல் தானாக அசைந்தது.

தொழிலுக்கு வந்த பிறகு இந்தப் பெட்டிகளே என்னிடம் பழுதுக்கு வந்தன. கேசட்டில் படம் வரவில்லை என்றால் எல்லோரும் வாயால் ஊதுவார்கள். ஊதக்கூடாது. எச்சில் ஈரம் பட்டுப்பட்டுத்தான் உள்ளே இருக்கும் செம்புப் பட்டைகள் கறுக்கின்றன. பென்சில் ரப்பரை எடுத்து அந்தப் பட்டைகளின் மேல் நீளவாக்கில் நாலு இழுப்பு இழுத்தால் தாமிரம் பளிச்சென்று வந்துவிடும். ஜாய்ஸ்டிக்கில் ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யாவிட்டால், அடியில் இருக்கும் கறுப்பு ரப்பர் முனை தேய்ந்திருக்கும். சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைப் பொட்டு அளவுக்கு வெட்டி ஒட்டினால் இன்னும் ஆறு மாதம் ஓடும். ஒருவரிடமும் இதற்கு 10 ரூபாய்க்கு மேல் வாங்கியதில்லை.

2014-இல் ஒருவர் டிவி கேமில் வாத்துச் சுடும் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். தான் சின்ன வயதில் ஆடிய டக் ஹன்டை மகளுக்குக் காட்ட ஆசைப்பட்டிருக்கிறார். புது எல்.இ.டி. டிவியில் ஒரு வாத்து கூட விழவில்லை. துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. என் பழைய 14 அங்குல பிக்சர் டியூப் டிவியில் மாட்டிச் சுட்டேன், முதல் குண்டிலேயே விழுந்தது. விஷயம் என்னவென்றால், அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. ட்ரிகரை இழுத்த கணத்தில் திரை முழுக்க ஒரு கண் சிமிட்டும் நேரம் கறுப்பாகும், அடுத்து வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வந்து போகும். துப்பாக்கியின் முனையில் இருக்கும் சின்னக் கண் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால், வாத்து விழும். முதலில் கறுப்பு, பிறகு வெள்ளை என்று சரியான நேரத்தில் வர வேண்டும் என்பதால்தான் சின்ன வயதில் நாங்கள் டியூப் லைட்டைக் குறிவைத்து ஏமாற்றப் பார்த்தபோது நடக்கவில்லை. இந்தக் காலத்து டிவி படத்தை வாங்கிப் பதப்படுத்திக் காட்டுவதற்குள் அந்த நேரம் கடந்துவிடுகிறது. அவர் மகளைக் கடைக்கே கூட்டிவரச் சொன்னேன். அந்தப் பிள்ளை என் பெஞ்சில் நின்றுகொண்டு ஒரு மணி நேரம் வாத்து சுட்டது. அந்த டிவியை நான் இன்னும் விற்கவில்லை.

இதுவரை ஆடியதில் எது ரொம்பப் பிடிக்கும் என்று யாராவது கேட்டால் யோசிக்கவே மாட்டேன், பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா. 1989-இல் வந்தது. ஐ.டி.ஐ. படிக்கும்போது சாயங்காலம் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போவேன், அங்கே வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் ஆட விடுவார்கள். அந்த இளவரசன் ஓடுவதும், விளிம்பைப் பிடித்துத் தொங்குவதும், கால் சறுக்கி நிற்பதும் அப்படியே நிஜ மனுஷன் மாதிரி இருக்கும். ஜோர்டான் மெக்னர் என்ற இளைஞர் தன் சொந்தத் தம்பியை ஓடவும் குதிக்கவும் சொல்லி வீடியோ எடுத்து, அதைப் படம் படமாகப் பார்த்து வரைந்திருக்கிறார். இளவரசியைக் காப்பாற்ற 60 நிமிடம், நிஜக் கடிகார நேரம்.

நடுவில் ஒரு கண்ணாடி வரும். அதை உடைத்துக்கொண்டு பாய்ந்தால் அவனுடைய நிழலுருவம் எதிர்ப்பக்கம் குதித்து ஓடிவிடும். பிறகு வழியெல்லாம் அது தொல்லை கொடுக்கும். கடைசிக் கட்டத்தில் வாளோடு எதிரே வந்து நிற்கும். நான் வெட்டினேன், அதற்கு ஓர் உயிர் குறைந்தது, எனக்கும் ஒன்று குறைந்தது. அதைக் கொன்றால் நானும் சாகிறேன். மூன்று வாரம் இப்படியே செத்தேன். ஒருநாள் அவசரத்தில் கீழ் அம்புக்குறியை அமுக்கிவிட்டேன், இளவரசன் வாளை உறையில் போட்டான். எதிரே நின்ற நிழலும் வாளை உறையில் போட்டது. அப்படியே நடந்து போனேன். இரண்டும் ஒன்றாகிவிட்டன. அதற்கு அப்பால் வெறும் பள்ளம், தரையே இல்லை. ஓடினேன், காலுக்குக் கீழே ஒவ்வொரு கல்லாகத் தரை வந்துகொண்டே இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பக்கத்தில் யாருமில்லை, சொல்வதற்கு. நடந்தே வீட்டுக்குப் போய் அக்காவுக்குக் கடிதம் எழுதினேன். அவளுக்கு அப்போதுதான் கல்யாணமாகித் திருப்பூர் போயிருந்தாள்.

அதற்குப் பின் ரோட் ரேஷ், நோக்கியா போனில் பாம்பு, பிரவுசிங் சென்டரில் கவுன்டர் ஸ்ட்ரைக் என்று எல்லோரும் ஆடியதை நானும் ஆடினேன். பேரரசு கட்டிப் போர் புரிகிற ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகத்தை மட்டும் இருபது வருடத்துக்கு மேலாக விடவில்லை. 2022-இல் அதில் திராவிடர் என்று ஒரு தரப்பைச் சேர்த்தார்கள். சுருள்வாள் வீரன், திரிசடை என்ற போர்க்கப்பல், ராஜேந்திர சோழனின் கதை. ராத்திரி பத்து மணிக்கு ஒரு வீரனைத் தொட்டேன், அவன் தமிழில் பதில் சொன்னான். பக்கத்து அறையில் தூங்கிய மகனை எழுப்பிக் கேட்க வைத்தேன்.

இதில் எதிலாவது தோற்றால் என்ன போனது? ஒரு மணி நேரம் போனது, சில நாள் தூக்கம் போனது. தோற்கிற ஒவ்வொரு முறையும் முந்தைய முறையைவிட ஒரு அடி கூடுதலாகப் போகக் கற்றுக்கொண்டேன். என் கடைத் தம்பிக்கு ஒவ்வொரு தோல்விக்கும் கடன் ஏறியது. எதிரே ஆடுவது யார் என்றுகூட அவனுக்குத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே பெயரை எப்படி வைக்க முடியும்? 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமே பணம் வைத்து ஆடுவதைத் தனியாகப் பிரித்துத் தடை செய்திருக்கிறது. போட்டியாக ஆடும் மின்விளையாட்டையும், சும்மா பொழுதுபோக்காக ஆடுவதையும் வேறாகவே வைத்திருக்கிறது. சட்டம் பிரித்துவிட்டது, பேப்பரும் பிரித்தால் போதும். இதுதான் என் வேண்டுகோள். அந்தச் செய்திகளுக்குத் தலைப்பில் ‘சூதாட்டம்’ என்று போடுங்கள். தம்பி மாதிரி ஒருவன் டீக்கடையில் தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் அந்த வார்த்தை அவன் கண்ணில் பட வேண்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் சினிமாவுக்கு நாலு பக்கம் ஒதுக்குகிறீர்கள். மாதம் ஒருமுறை அரைப் பக்கம் நல்ல விளையாட்டுகளைப் பற்றி எழுதினால் பெற்றோருக்கு உதவியாக இருக்கும். முதலில் எதை எழுதலாம் என்று கேட்டால் ‘வெண்பா’ என்ற விளையாட்டைச் சொல்வேன். 2023-இல் கனடாவிலிருந்து வந்தது. அங்கே குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம், அந்த அம்மாவின் பெயர்தான் வெண்பா. அவளுடைய அம்மா எழுதிக் கொடுத்த சமையல் நோட்டு கறைபட்டு, கிழிந்து, பாதி எழுத்து அழிந்து இருக்கும். விட்டுப்போனதை நாமே யோசித்துச் சமைக்க வேண்டும். 2024-இல் அதற்கு பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது.

போன தீபாவளிக்கு அக்கா வந்திருந்தாள். கண்டக்டர் வீட்டுப் பெண்ணாக ஜாய்ஸ்டிக்கை வைத்துவிட்டுப் போனவள், அதற்கப்புறம் தொட்டதே இல்லை. என் மகன் வெண்பாவைப் போட்டு அவள் கையில் கொடுத்தான். முதல் சமையல் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதில்தான் சிக்கல், நோட்டில் அந்த இடம் அழிந்திருக்கும். நான் முதலில் ஆடியபோது தப்பாக வைத்தேன். அக்கா நோட்டைப் பார்க்கவே இல்லை. குழிக்கு மேல் குழி வராமல் ஒவ்வொரு தட்டாகத் திருப்பி வைத்து மூடினாள். “இப்படி வச்சாத்தானேடா ஆவி ஏறும், இதுல என்ன கேள்வி?” என்றாள். அப்புறம் எழுந்திருக்கவில்லை. சமைக்கும்போது அதில் ரேடியோவில் தமிழ்ப் பாட்டு ஓடும், அதையும் கேட்டுக்கொண்டே முடிவு வரைக்கும் ஆடினாள். கதையில் வெண்பாவின் மகன் தமிழை விட்டு விலகிப் போகிற இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், எங்களிடம் எதுவும் பேசவில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது, “அந்த அருவி கேசட் இன்னும் இருக்காடா?” என்று கேட்டாள். இருக்கிறது. நேற்று அதைப் பிரித்து ரப்பர் போட்டுத் தேய்த்து வைத்தேன். இரண்டாவது ஜாய்ஸ்டிக்குக்கு மட்டும் வயர் மாற்ற வேண்டும், பொங்கலுக்குள் செய்துவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்,
டிவி மெக்கானிக்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.